பக்கம் திறக்காதபோது யாரைக் கேட்பது?

உதகையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, எங்கள் கல்லூரியில் விவாதம் வைத்திருக்கிறார்கள். இணையத்தில் அரசு கை வைக்கவே கூடாது என்று ஒரு அணி. கை வைக்காவிட்டால் வதந்தியும் வெறுப்பும் ஊரையே கொளுத்திவிடும் என்று இன்னொரு அணி. நீங்கள் இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள். எந்த அணி சொல்வது சரி?"

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அரசு தலையிடலாம். சில நேரங்களில் தலையிட்டே ஆக வேண்டும். ஆனால் தடுத்தது யார், எந்தச் சட்டப்படி, என்ன காரணத்துக்காக, எங்கே போய் முறையிடலாம் என்ற நான்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். நம் நாட்டில் இன்று இந்த நான்கும் பெரும்பாலும் தெரிவதில்லை. என் கவலை முழுக்க அதில்தான் இருக்கிறது. உங்கள் இரண்டு அணியும் இதைத் தொட்ட மாதிரி தெரியவில்லை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் என் கடையிலிருந்து தொடங்குகிறேன். கோத்தகிரியில் 2003இல் நான்கு கணினி வைத்து பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தேன். டயல்-அப் இணைப்பு. மழை வந்தால் போன் லைன் போகும், போன் லைன் போனால் நெட் போகும். பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் மட்டும் படிக்கட்டு வரை வரிசை நிற்கும். பக்கத்து ஹட்டிகளிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து, பிள்ளைகள் வருவார்கள், எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருவார்கள், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மெயில் போட வயதானவர்கள் வருவார்கள்.

2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கு என்றே தனி விதிகள் கொண்டுவந்தது. அடையாள அட்டை காட்டாத யாருக்கும் கணினி தரக் கூடாது. பெயர், முகவரி, எந்தக் கணினி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி ஓர் ஆண்டு வைத்திருக்க வேண்டும். எந்தெந்தப் பக்கம் பார்த்தார்கள் என்ற பதிவையும் ஓர் ஆண்டு காக்க வேண்டும். தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. தடுப்பு இல்லாத இடத்தில் திரைகள் வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். நானும் ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகையை அறுத்தேன், மேசைகளைத் திருப்பிப் போட்டேன்.

அந்தச் சமயத்தில் ஒரு பெண் சனிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்தார். திருமணம் ஆகி சில வருடம் ஆனவர். ஒரு நோயைப் பற்றி ஆங்கிலத்தில் தேடித் தேடி, நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு போவார். மேசைகளைத் திருப்பிய பிறகு ஒரு சனிக்கிழமை வந்தார். திரை தெருவைப் பார்த்து இருப்பதைக் கண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவே இல்லை. அவரைப் படிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. எந்தப் பக்கமும் தடுக்கப்படவில்லை. ஆனாலும் அவர் படிப்பது நின்றுவிட்டது. இணையச் சுதந்திரம் என்று யாராவது பேசினால் எனக்கு நீதிமன்றமும் நாடாளுமன்றமும் ஞாபகத்துக்கு வருவதில்லை, இவர்தான் வருகிறார்.

இன்னொன்றும் உண்டு. ஒரு நாள் சீருடை போட்ட ஓர் அதிகாரி வந்து, போன மாதம் யார் யார் வந்தார்கள் என்று நோட்டைக் கேட்டார். எழுத்துப்பூர்வமாக ஏதாவது இருக்கிறதா சார் என்று கேட்க எனக்கு அன்று துணிவு வரவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டேன். நோட்டில் இருந்த அத்தனை பேரும் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள். அது இன்றுவரை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஒரு சிறிய கடைக்காரனே அரசின் கண்ணாக எவ்வளவு சுலபமாக மாறிவிடுகிறான் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இன்று பெரிய பெரிய நிறுவனங்கள் இருக்கும் இடமும் அதேதான், அளவுதான் வேறு.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம். 2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை மாலை. என் கடை இப்போது இ-சேவை வேலைகளைச் செய்கிறது. சாதிச் சான்றிதழ், பட்டா நகல் என்று நான்கைந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் விகடன் பக்கம் திறக்கவில்லை என்றார். நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம்? டவர் போய்விட்டது, பனி இறங்கிவிட்டது, எங்கோ சாலை போடுகிறேன் என்று கேபிளை வெட்டிவிட்டார்கள். அவர் போனை அணைத்துப் போட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டார். நான் ரவுட்டரை அணைத்துப் போட்டேன். மற்ற எல்லாம் திறந்தன, அது மட்டும் திறக்கவில்லை.

என்ன நடந்தது என்பது பிறகு தெரிந்தது. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் கைவிலங்கோடு திருப்பி அனுப்பப்பட்டதை ஒட்டி, பிரதமர் கை விலங்கிடப்பட்டு அமெரிக்க அதிபர் அருகே உட்கார்ந்திருப்பது போல ஒரு கேலிச்சித்திரம் விகடன் பிளஸ் இணைய இதழில் வந்திருந்தது. அதன் மேல் புகார் போனது. அதற்குப் பிறகு பலருக்கு முழு இணையதளமே திறக்கவில்லை. தங்களுக்கு முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று விகடன் அன்றே சொன்னது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று மார்ச் 6ஆம் தேதி இடைக்கால உத்தரவு வந்தது. ஒரு படத்துக்காக, பல ஆண்டு செய்தியும் கட்டுரையும் கொண்ட ஒரு தளம் மூன்று வாரம் வாசகர்களிடமிருந்து மறைக்கப்பட்டது.

இதே பத்திரிகைக்கு 1987இலும் ஒன்று நடந்தது. அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் பற்றி ஒரு நகைச்சுவை வந்ததற்காக, அப்போதைய ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் 3 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. ஊரெல்லாம் கண்டனம் எழுந்தது. சில நாளில் அவரை விட்டுவிட்டார்கள். பிறகு உயர் நீதிமன்றம் அந்தக் கைது தவறு என்று சொல்லி 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தண்டனை அநியாயம்தான். ஆனால் தண்டித்தது யார், எதற்காக என்பது அன்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியும். அதனால்தான் ஊர் கோபப்பட முடிந்தது. 2025இல் என் கடையில் இருந்தவர்கள் சிம்மைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வித்தியாசத்தை விவாதத்தில் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத தடையை எதிர்க்கவும் முடியாது, ஆதரிக்கவும் முடியாது. மலையில் அது டவர் கோளாறு மாதிரியே இருந்துவிட்டுப் போகும்.

இது தொழில்நுட்பமாக எப்படி நடக்கிறது என்று கேட்டால், பெரிய மந்திரம் எதுவும் இல்லை. நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்கான எண் முகவரி என்ன என்று உங்கள் போன் ஒரு சர்வரைக் கேட்கும். டெலிபோன் டைரக்டரியைப் புரட்டுவது போல. இணைப்பு தரும் நிறுவனம் அந்த டைரக்டரியில் பொய்யான எண்ணைக் கொடுத்தால் நீங்கள் போய்ச் சேர மாட்டீர்கள். இது ஒரு வழி. இன்னொரு வழி, நீங்கள் அனுப்பும் தகவலின் உறை மேல் எழுதியிருக்கும் தளத்தின் பெயரைப் பார்த்து நடுவழியிலேயே இணைப்பை அறுத்துவிடுவது. உள்ளே இருக்கும் கடிதம் பூட்டப்பட்டிருந்தாலும் உறை மேல் உள்ள பெயர் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகச் செய்வதால், ஒருவர் சிம்மில் திறக்கும் பக்கம் இன்னொருவர் சிம்மில் திறக்காது. குழப்பம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 2008 டிசம்பரில் பெரிய திருத்தம் வந்தது. 66ஏ என்ற பிரிவும் 69ஏ என்ற பிரிவும் அப்போது சேர்ந்தவைதான். அமளிக்கு நடுவே பெரிய விவாதம் எதுவும் இல்லாமல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அன்று அந்தத் துறைக்கு அமைச்சர் ஆ. ராசா. அடுத்த ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது அவர் நம் நீலகிரித் தொகுதியின் எம்.பி. இதை அவர் மேல் குறையாகச் சொல்லவில்லை. அன்று எதிர்க்கட்சியாக இருந்தவர்களும் இதை நிறுத்தவில்லை. இன்று அவர்கள் ஆளும்போது அதே பிரிவை இன்னும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு கட்சி செய்து வைத்த பூட்டை அடுத்த கட்சி தூக்கி எறியாது. அதனால் இந்த விஷயத்தில் கட்சி பார்த்துப் பேசினால் பாதி தூரத்திலேயே நின்றுவிடுவோம்.

66ஏ பிரிவு, எரிச்சலூட்டும் பதிவு போட்டாலே கைது செய்ய இடம் கொடுத்தது. 2012இல் புதுச்சேரியில் ஒருவர் அப்போதைய மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதினார் என்று விடியற்காலையில் கைது செய்யப்பட்டார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் வெறும் 16 பேர். 2015 மார்ச் 24ஆம் தேதி ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை அடியோடு ரத்து செய்தது. ஆனால் செத்த அந்தப் பிரிவின் கீழ் காவல் நிலையங்களில் வழக்குப் போடுவது நிற்கவில்லை. அந்த வழக்குகளை எல்லாம் கைவிடுங்கள் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

69ஏ தப்பியது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது அமைதி போன்ற சில காரணங்களுக்காக இணையப் பக்கங்களை முடக்க அது மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. நீதிமன்றம் இதை ஏன் விட்டுவைத்தது என்பதை நன்றாகக் கவனியுங்கள். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், சம்பந்தப்பட்டவரை அடையாளம் காண முடிந்தால் அவர் தரப்பைக் கேட்க வேண்டும், அந்த உத்தரவை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். இந்தப் பாதுகாப்புகள் இருப்பதால் செல்லும் என்றது. ஆனால் இந்தப் பிரிவுக்காக 2009இல் போட்ட விதிகளில் 16ஆவது விதி, புகாரும் நடவடிக்கையும் கண்டிப்பாக ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. உத்தரவையே கண்ணில் காட்டாமல், வேண்டுமானால் எதிர்த்து வழக்குப் போடு என்றால் எதை எதிர்த்துப் போடுவது? என்னைக் கேட்டால் இந்தியாவில் இணையச் சுதந்திரத்தின் முழுப் பிரச்சினையும் இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது. 2014இல் இந்தப் பிரிவின் கீழ் முடக்கப்பட்டவை 471. 2018இல் 2,799. 2020இல் 9,849. 2022இல் 6,775. அரசே கொடுத்த எண்ணிக்கைகள்தான் இவை. இவற்றில் எத்தனை நியாயமானவை என்று நானோ நீங்களோ சரிபார்க்க வழியே இல்லை.

அப்புறம் இன்னொரு வாசலும் திறந்துவிட்டது. 79ஆவது பிரிவு, பயனர்கள் போடும் பதிவுக்கு நிறுவனங்கள் பொறுப்பாகாமல் காப்பது. அரசு சுட்டிக்காட்டியும் ஒரு பதிவை நீக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இதை வைத்துப் பல துறைகளும் காவல்துறையும் நிறுவனங்களுக்கு நேராகவே நீக்கச் சொல்லி அனுப்புகின்றன. இதற்கென்று சகயோக் என்று ஒரு வலைவாசலே வந்துவிட்டது. அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட வழக்கை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 69ஏ பிரிவில் இருக்கும் அந்தக் கொஞ்ச நஞ்சப் பாதுகாப்பும் இந்த வழியில் கிடையாது.

நீதிமன்றங்கள் எப்போதும் சுதந்திரத்தின் பக்கம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2017 ஆகஸ்டில் திருட்டு சினிமாவைத் தடுக்க வேண்டும் என்று ஒரு பட நிறுவனம் கேட்டதற்கு, சென்னை உயர் நீதிமன்றம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களை முடக்கச் சொன்னது. அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவ் இருந்தது. பழைய புத்தகங்களையும் அழிந்துபோன இணையப் பக்கங்களையும் சேர்த்துவைக்கும் இலவச நூலகம் அது. பட்டியலை யாராவது வரி வரியாகப் படித்துப் பார்த்திருந்தால் அது அதில் சேர்ந்திருக்காது.

ஒரு தளத்தை மூடுவது ஒன்று, ஒரு மாவட்டத்தின் இணையத்தையே மூடுவது இன்னொன்று. 2018 மே 22ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி மட்டும் இல்லை, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் சேர்த்து இணையம் துண்டிக்கப்பட்டது. பிள்ளை வீடு திரும்பினானா என்று ஒரு தாய் விசாரிக்க வேண்டிய நேரம் அது. காயம்பட்டவர்கள் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்று தேட வேண்டிய நேரம். காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5ஆம் தேதி போன 4ஜி, 2021 பிப்ரவரி 5ஆம் தேதிதான் திரும்பி வந்தது. ஒன்றரை ஆண்டு. நடுவில் கொரோனா வந்து, பள்ளிக்கூடமே போனுக்குள் போய்விட்டிருந்தது.

நம் மலையில் இதை நினைத்துப் பாருங்கள். ரேஷன் கடையில் கைரேகை வைக்க நெட் வேண்டும். பச்சைத் தேயிலைக்கான பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, எந்தச் சாலை இருக்கிறது, எது போய்விட்டது என்று ஊருக்கு ஊர் வாட்ஸ்அப்பில்தான் சொல்லிக்கொண்டோம். அந்த இரண்டு மூன்று நாளில் அணை உடைந்துவிட்டது என்று ஒரு வதந்தியும் அதே வாட்ஸ்அப்பில் சுற்றியது உண்மை. எங்கள் குழுவில் அதை நிறுத்தியது ஒரு வருவாய்த் துறை ஊழியரின் குரல் பதிவு. நான் அணைப் பக்கம்தான் நிற்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று அரை நிமிடம் பேசி அனுப்பினார். நெட்டை அறுத்திருந்தால் வதந்தி வாய்வழியாகப் போய்க்கொண்டே இருந்திருக்கும், அந்தக் குரல் மட்டும் வந்து சேர்ந்திருக்காது.

2020 ஜனவரி 10ஆம் தேதி அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது. இணையம் வழியாகப் பேசுவதற்கும் தொழில் செய்வதற்கும் அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு. இணையத்தைத் துண்டிக்கும் உத்தரவுகளை வெளியிட வேண்டும். காலவரையற்ற துண்டிப்பு கூடாது. அருமையான தீர்ப்பு. ஆனால் 2021 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று விசாரித்தபோது, நாடு முழுக்க எத்தனை முறை இணையம் துண்டிக்கப்பட்டது என்ற கணக்கே மத்திய அரசின் துறைகளிடம் இல்லை என்று தெரிந்தது. துண்டித்ததால் கலவரம் குறைந்ததா என்று எப்படிச் சொல்ல முடியும், எண்ணவே இல்லையே!

இனி, அரசு கை வைத்தே ஆக வேண்டும் என்னும் அணி சொல்வதற்கு வருகிறேன். அவர்கள் பயப்படுவது வெறும் சாக்கு இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் அத்திமூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்துபவர்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே வதந்தி அந்த ஆண்டு நாடெங்கும் பலரைக் கொன்றது. ஜூலையில் வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் மாற்றியது. அரசு கொடுத்த அழுத்தம் அதற்கு ஒரு காரணம். அந்த அழுத்தம் சரியானது என்றுதான் நான் நினைக்கிறேன். யாருடைய வாயையும் மூடாமல் வேகத்தை மட்டும் குறைத்தார்கள்.

இன்னொரு சம்பவம் நம் ஊருக்கு நெருக்கமானது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். என் கடைக்கு வரும் பலருக்கு அட்டனிலும் நுவரெலியாவிலும் இன்னும் சொந்தங்கள் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டம் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, அந்த வெறுப்பில் கணிசமானது பேஸ்புக்கில் சிங்களத்தில் எழுதப்பட்டது. அங்குள்ளவர்கள் முன்பே புகார் செய்திருந்தார்கள். அதைப் படித்துப் புரிந்துகொள்ளச் சிங்களம் தெரிந்தவர்கள் அந்த நிறுவனத்தில் போதுமான அளவு இல்லை. இலங்கை அரசு ஒரு வாரம் போலச் சமூக ஊடகங்களை முடக்கியது. இரண்டு ஆண்டு கழித்து, 2020 மே மாதம், அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் வருத்தம் தெரிவித்தது.

அந்த முடக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், வீடு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அடுத்து என்ன ஆனது? வெறுப்பை அணைக்க எடுத்த அதே பக்கெட்டை, 2022 ஏப்ரல் 3ஆம் தேதி, எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்று வெறுத்துப்போன மக்கள் கொழும்பில் கூடக் கூடாது என்பதற்காக எடுத்தார்கள். பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் 15 மணி நேரம் முடங்கின. அன்று ஞாயிற்றுக்கிழமை. அங்கே அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்க முடியாமல் கடையில் ஒரு பெரியவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு காரணத்துக்காகக் கொடுத்த அதிகாரம் அடுத்த காரணத்துக்கு நகராமல் இருக்க வேண்டுமென்றால், முதல் தடவையே அதற்கு எல்லையும் தேதியும் எழுதியாக வேண்டும்.

இங்கே மாநில அரசுகளும் விலக்கு இல்லை. 2021 டிசம்பர் 8ஆம் தேதி குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்தது நமக்கு மறக்காது. அடுத்த நாள், அந்த விபத்தை ஒட்டி மாநில ஆட்சியை விமர்சித்து ட்வீட் போட்ட மதுரை யூடியூபர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அவர் எழுதியது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லாதது. அதற்காகச் சிறை என்பது தவறு. ஐந்தே நாளில் உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. 2014இல் குண்டர் சட்டத்தில் இணையக் குற்றவாளிகளையும் சேர்த்துத் திருத்தினார்கள். ஜாமீனே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். நமக்குப் பிடிக்காதவரைப் பிடித்துப் போடும்போது நாம் பேசாமல் இருந்தால், நமக்குப் பிடித்தவரைப் பிடிக்கும்போது பேச நமக்கு வார்த்தை இருக்காது.

அரசின் தலையீடு சுதந்திரத்தைக் காப்பாற்றிய கதையும் உண்டு. அதையும் சொல்லுங்கள், உங்கள் பேச்சுக்கு நேர்மை வரும். 2015இல் பேஸ்புக் நிறுவனம், தான் தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஏழைகளுக்கு நெட் என்று விளம்பரம். எஸ்டேட் லைனில் இருப்பவருக்கு இணையம் என்றாலே அந்த நிறுவனம் காட்டும் பத்துப் பக்கம்தான் என்று ஆகியிருக்கும். லட்சக்கணக்கானவர்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மெயில் எழுதினார்கள். நானும் எழுதினேன். 2016 பிப்ரவரி 8ஆம் தேதி, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று டிராய் விதி போட்டது. ஆலோசனை அறிக்கை வெளியிட்டு, மக்களிடம் கருத்துக் கேட்டு, காரணத்தோடு, தேதி போட்டு வந்த உத்தரவு. அரசு எப்படித் தலையிட வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான்.

இணையம் திறந்திருப்பதால் மலைக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால் கொடைக்கானலைச் சொல்லுங்கள். அங்கே பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. வேலை செய்தவர்கள் உடல்நலக் கேட்டுக்கு இழப்பீடு கேட்டு ஆண்டுக்கணக்காக அலைந்தார்கள். 2015 ஜூலை இறுதியில் அதைப் பற்றிச் சென்னைப் பெண் ஒருவர் பாடிய ராப் காணொளி ஒன்று யூடியூபில் வந்தது, சில நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டும் அதைச் செய்யவில்லை, தொழிலாளர்களின் நீண்ட போராட்டம் செய்தது. ஆனால் பதினான்கு ஆண்டாக மலைக்குக் கீழே கேட்காத குரல் அந்த வாரம் கேட்டது. ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கிறது என்று யாராவது ஒரு ரகசியக் கடிதம் எழுதி அந்தக் காணொளியை எடுக்க வைத்திருந்தால், எடுக்கப்பட்டது என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

தடை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பது மலைக்காரர்களான நமக்குப் புதிது இல்லை. கக்கநல்லா சோதனைச் சாவடியைத் தாண்டிப் பந்திப்பூர் காட்டு வழியாக இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக முடியாது. 2009 முதல் அப்படித்தான். யானைக்காகவும் மானுக்காகவும் என்று காரணம் தெரியும், நேரம் தெரியும், ஆம்புலன்ஸுக்கு விலக்கு என்று தெரியும், அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள் என்பதும் தெரியும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ். அதையும் உயர் நீதிமன்றம் வெளிப்படையாக உத்தரவு போட்டுத்தான் கொண்டுவந்தது. லாட்ஜ் வைத்திருப்பவர் அதைத் திட்டுகிறார், தண்ணீர் இல்லாத வார்டில் இருப்பவர் வரவேற்கிறார். இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுகிறார்கள். டிக்டாக்கை 2020 ஜூன் 29ஆம் தேதி 58 செயலிகளோடு சேர்த்துத் தடை செய்தபோதுகூட அரசு பட்டியலைப் பகிரங்கமாக அறிவித்தது. படுகர் ஆட்டம் போட்டு ஆயிரக்கணக்கில் பார்வையாளர் வைத்திருந்த பிள்ளைகள் அழுதார்கள், ஆனால் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரிந்தது. மற்ற ஆயிரக்கணக்கான முடக்கங்களுக்கும் அதே மரியாதையைத்தான் கேட்கிறேன். உளவு, பயங்கரவாதம் போன்றவற்றில் சில உத்தரவுகளைக் கொஞ்ச காலம் மறைத்து வைக்க வேண்டியிருக்கும், சரி. கேலிச்சித்திரத்துக்கு என்ன ரகசியம்?

கடைசியாக, நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால் ரவுட்டரை அணைப்பதற்கு முன்னால் வேறு நிறுவன சிம் உள்ள போனில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். கல்லூரி வைஃபையிலும் பாருங்கள். கூடலூரிலோ கோவையிலோ இருக்கும் நண்பரிடம் கேளுங்கள். மற்ற தளங்கள் எல்லாம் திறந்து, இது மட்டும் ஒரு நிறுவனத்தில் திறந்து இன்னொன்றில் திறக்கவில்லை என்றால் டவர் மேல் பழி போடாதீர்கள். நாள், நேரம், நிறுவனம், திரையில் வந்த வாசகம் ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். இணைப்பு தரும் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். பிறகு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். இந்தத் தளத்தை முடக்க உத்தரவு உண்டா, எந்தப் பிரிவு, என்ன தேதி என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பெரும்பாலும் 16ஆவது விதியைக் காட்டித் தர முடியாது என்று வரும். அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட அது வேண்டும். மனு எழுத உதவி வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், அதற்குக் காசு வாங்க மாட்டேன்.